ஷிப்ட் ரோஸ்டர், ஸ்கில் மேட்ரிக்ஸ்: எக்செல்லை விட்டு வெளியே வர எங்கே தொடங்குவது?

அசெம்பிளி_ஆள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று ஷிப்ட் ஓடும் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் உற்பத்தியைப் பார்த்துக்கொள்கிறேன். மெஷினிங், வெல்டிங், அசெம்பிளி, கடைசியில் லீக் டெஸ்ட் (கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது), பேக்கிங். 200 பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள், நிரந்தரம், கான்ட்ராக்ட், அப்ரென்டிஸ் எல்லாம் கலந்து.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். ஒவ்வொரு ஷிப்ட் சூப்பர்வைசரும் தனக்கென்று ஒரு எக்செல் வைத்திருக்கிறார், அடுத்த வார ரோஸ்டர், அதாவது யார் எந்த ஷிப்டில் எந்த ஸ்டேஷனில் என்கிற பட்டியல், அதில்தான். யாருக்கு எந்த ஸ்டேஷன் தெரியும் என்கிற ஸ்கில் மேட்ரிக்ஸ் குவாலிட்டி ஆபீஸில் இன்னொரு எக்செல். அதைப் பிரின்ட் எடுத்து லைன் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம், ஆனால் ஆடிட்டுக்கு முன்புதான் யாராவது உட்கார்ந்து திருத்துகிறார்கள். வருகைப்பதிவு மூன்றாவது இடத்தில். ஒன்றில் இருப்பது மற்ற இரண்டுக்கும் தெரியாது. காலையில் நாலு பேர் வரவில்லை என்றால் லீக் டெஸ்டில் யாரை நிறுத்தலாம் என்று சூப்பர்வைசர் மனதிலிருந்துதான் முடிவெடுக்கிறார். அவர் லீவில் போனால் அந்த ஷிப்டே தடுமாறுகிறது. போன ஆடிட்டில் ஒரு வெல்டரின் தகுதிச் சான்று காலாவதியான பிறகும் அவர் அதே வேலையில் இருந்தது வெளியே வந்தது, அதிலிருந்து நிர்வாகம் இதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

தானாகவே ரோஸ்டர் போட்டுக் கொடுக்கும் ஒரு மென்பொருளை வாங்கிவிடலாம் என்று மேலே பேசுகிறார்கள். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. முதலில் ரோஸ்டரா, ஸ்கில் மேட்ரிக்ஸா? ஸ்கில் அளவை எப்படி வரையறுப்பது, ஏனென்றால் இப்போது 1 முதல் 4 வரை போடுகிறோம், ஆனால் ஒருவர் கொடுக்கும் 3-ம் இன்னொருவர் கொடுக்கும் 3-ம் ஒன்றாக இல்லை. சூப்பர்வைசர்கள் "இது எங்களைக் கண்காணிக்க வருகிறது" என்கிறார்கள். இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.


தணிக்கைத்தோழர் எழுதியது:

குவாலிட்டி பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன். சந்தேகமே வேண்டாம், ஸ்கில் மேட்ரிக்ஸ்தான் முதலில். யாருக்கு என்ன தெரியும் என்கிற தகவல் பொய்யாக இருக்கும்போது அதன் மேல் உட்காரும் தானியங்கி ரோஸ்டர் அந்தப் பொய்யை வேகமாகப் பரப்பும், அவ்வளவுதான்.

தர மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 9001:2015, அதன் 7.2 பிரிவை எடுத்துப் படியுங்கள். ரொம்பச் சிறிய பிரிவு. வேலைக்கு என்ன திறமை வேண்டும் என்று தீர்மானி, ஆளுக்கு அது இருக்கிறதா என்று உறுதி செய், இல்லையென்றால் நடவடிக்கை எடு, அந்த நடவடிக்கை பலன் கொடுத்ததா என்று பார், ஆதாரத்தை ஆவணமாக வைத்துக்கொள். பெரும்பாலான தொழிற்சாலைகள் இதில் கடைசியை மட்டும் செய்கின்றன, பயிற்சிக்கு வந்தவர்கள் கையெழுத்துப் போட்ட தாளை ஃபைலில் வைப்பார்கள். பயிற்சிக்கு வந்தார் என்பதும் வேலை தெரியும் என்பதும் வேறு வேறு. உங்கள் புதிய அமைப்பில் இந்த இரண்டுக்கும் தனித்தனி இடம் இருக்கட்டும்.

அளவு விஷயத்துக்கு வருகிறேன். 3 என்றால் "நன்றாகத் தெரியும்" என்று எழுதி வைத்தால் ஆளுக்கொரு பொருள்தான் வரும். கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய வாக்கியமாக எழுதுங்கள். 1 என்றால் பக்கத்தில் ஒருவர் நின்றால்தான் செய்வார். 2 என்றால் தனியாகச் செய்வார், தரம் சரியாக வரும், ஆனால் சைக்கிள் டைமுக்குள் (ஒரு பாகத்துக்கு ஒதுக்கிய நேரம்) வராது. 3 என்றால் தரமும் வரும், நேரத்துக்குள்ளும் வரும், கோளாறு வந்தால் எப்போது லைனை நிறுத்திக் கூப்பிட வேண்டும் என்று தெரியும். 4 என்றால் இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்கக்கூடியவர், அப்படிக் கற்றுக்கொடுத்து ஒருவரை 3-க்குக் கொண்டுவந்தும் காட்டியவர். வேகமாகச் செய்பவரெல்லாம் 4 இல்லை, இந்த ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள்.

அடுத்தது காலாவதி. ஸ்கில் பதிவில் தேதியே இல்லையென்றால் அது பதிவே இல்லை என்பேன். எப்போது மதிப்பிட்டது, யார் மதிப்பிட்டது, வேலைக் குறிப்பின் (அந்த ஸ்டேஷனில் வேலையை எப்படிச் செய்வது என்று எழுதிய தாள்) எந்தத் திருத்தத்தை வைத்து மதிப்பிட்டது, எப்போது வரை செல்லும், இவ்வளவும் வேண்டும். ஸ்டேஷனில் ஃபிக்ஸ்ச்சர் (பாகத்தைப் பிடித்து வைக்கும் அமைப்பு) மாறி வேலைக் குறிப்பு புதிதாக வந்தால் அந்த ஸ்டேஷனுக்குத் தகுதி பெற்றவர்கள் எல்லோருடைய பெயருக்குப் பக்கத்திலும் "மறுபடி பார்க்க வேண்டும்" என்று தானாக வர வேண்டும். பழைய மதிப்பெண்ணை அழித்து மேலேயே எழுதும் அமைப்பாக இருந்தால் வாங்கவே வாங்காதீர்கள். ஆறு மாதம் முன்பு ஒரு பாகத்தில் குறை வந்தது, அன்றைக்கு அந்த ஸ்டேஷனில் நின்றவருக்கு அன்றைய தேதியில் என்ன தகுதி இருந்தது என்று கேட்டால் பதில் வர வேண்டும். இன்றைய நிலையை மட்டும் காட்டும் அமைப்பால் அது முடியாது.

உங்கள் வெல்டர் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெல்டர் தகுதிச் சோதனைக்கான தரநிலை ஐஎஸ்ஓ 9606-1 படி, அந்த வெல்டர் தன் தகுதி வரம்புக்குள் தொடர்ந்து வேலை செய்கிறார் என்று 6 மாதத்துக்கு ஒருமுறை பொறுப்பானவர் உறுதி செய்து கையெழுத்திட்டால்தான் சான்று உயிரோடு இருக்கும். அவர் எப்போது கடைசியாக அந்த வேலையில் நின்றார் என்பது எங்கே இருக்கிறது? ரோஸ்டரில். அதாவது ரோஸ்டரின் பழைய பதிவுகள்தான் ஸ்கில் மேட்ரிக்ஸுக்கு ஆதாரம், ஸ்கில் மேட்ரிக்ஸ்தான் அடுத்த ரோஸ்டருக்கு ஆதாரம். அதனால் இரண்டையும் இரண்டு தனி மென்பொருளாக வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. 6 மாதம் முடிய ஒரு மாதம் இருக்கும்போதே "இவரை இந்த வேலையில் ஒருமுறை நிறுத்துங்கள்" என்று ரோஸ்டர் போடுபவருக்குச் சொல்லிவிட்டால் போன ஆடிட்டில் நடந்தது திரும்ப நடக்காது.


நைட்ஷிப்ட்_சூப்பர்வைசர் எழுதியது:

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் லைனில் நிற்பவனுக்கு வலிக்கும் இடம் வேறு, அதைச் சொல்லாமல் போனால் இந்த அமைப்பு ஓடாது.

அடுத்த வாரத்துக்கான ரோஸ்டர் எனக்குப் பெரிய பிரச்சினையே இல்லை. ஷிப்ட் ஆரம்பித்து முதல் 15 நிமிடம்தான் பிரச்சினை. யார் வந்தார், யார் வரவில்லை, முந்தைய ஷிப்ட் எதைப் பாதியில் விட்டுப் போனது, எந்த மெஷின் நிற்கிறது, எந்த மாடல் ஓடப் போகிறது, இதெல்லாம் அந்த நேரத்தில்தான் தெரியும். அந்த 15 நிமிடத்தில் ஒரு பெரிய திரையில் "லீக் டெஸ்டுக்கு ஆள் இல்லை, உள்ளே இருப்பவர்களில் தகுதி உள்ளவர்கள் இவர்கள், இவரை எடுத்தால் இந்த ஸ்டேஷன் காலியாகும்" என்று காட்டினால் போதும், சூப்பர்வைசர்கள் யாரும் எதிர்க்க மாட்டார்கள். நீங்கள் அதைக் கொடுக்காமல் அடுத்த மாத ரோஸ்டரை அழகாகப் போட்டுக் கொடுத்தால், அவர்கள் அதை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பழைய நோட்டுப் புத்தகத்தைத்தான் எடுப்பார்கள். லைனுக்குள் செல்போன் அனுமதி இல்லாத இடம் என்றால் செல்போன் ஆப் பற்றிப் பேசவே வேண்டாம், லைன் முகப்பில் ஒரு டேப்லெட், கையுறையோடு தொட்டாலும் வேலை செய்கிற மாதிரி.

அந்த நோட்டுப் புத்தகத்தைக் கேலியாகப் பார்க்காதீர்கள் என்று உங்கள் நிர்வாகத்திடம் சொல்லுங்கள். யாருக்கு முதுகு வலி, யார் பச்சைக் குழந்தையோடு இரவு தூங்காமல் வருகிறார், எந்த இருவரைப் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினால் சண்டை வரும், யார் போன மூன்று ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வந்தவர், இதெல்லாம் அதில் இருக்கிறது. எல்லாவற்றையும் கணினியில் ஏற்ற முடியாது, ஏற்றவும் கூடாது. அதனால் சூப்பர்வைசர் கடைசியாக மாற்றும் உரிமை இருந்தே ஆக வேண்டும். மாற்றினால் ஒரு சின்னக் காரணம் தேர்ந்தெடுக்கட்டும், அது போதும். தகுதி இல்லாதவரை நிறுத்தப் பார்க்கும்போது மட்டும் கணினி தடுக்கட்டும், அதை மீற வேண்டுமென்றால் குவாலிட்டி ஆளின் சம்மதம் வேண்டும் என்று வையுங்கள்.

முக்கியமாக இன்னொன்று. "ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் சிறந்த ஆளைப் போடு" என்று கணினியிடம் சொன்னால் அது சொன்னதைச் செய்யும். கஷ்டமான ஸ்டேஷனில் அதே நாலு பேர் வருடம் முழுக்க நிற்பார்கள். அவர்கள் களைத்துப் போவார்கள், மற்றவர்கள் கற்றுக்கொள்ளவே மாட்டார்கள், ஒருவர் வேலையை விட்டால் அந்த ஸ்டேஷனே நின்றுவிடும். நல்ல வேலைக்காரனுக்குத் தண்டனையாக முடிகிற அமைப்பு அது, இதைப் பார்க்கும்போது எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது. ரோஸ்டரிலேயே கற்றுக்கொள்ளும் இடம் ஒதுக்குங்கள்: இந்த ஷிப்டில் இந்த ஸ்டேஷனில் 4-ல் இருப்பவர் பக்கத்தில் 1-ல் இருப்பவர் நிற்கிறார், அந்த ஸ்டேஷனுக்கு அன்று இலக்கு கொஞ்சம் குறைவு. இலக்கைக் குறைக்காமல் பயிற்சியும் கொடு என்றால் பயிற்சி பேப்பரில்தான் நடக்கும்.


தரவுத்தச்சன் எழுதியது:

இந்த மாதிரி அமைப்புகளைக் கட்டிக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். மேலே இருவரும் சொன்னதோடு சில கணக்குகளைச் சேர்க்கிறேன்.

முதலில் மென்பொருள் விற்க வருபவரைக் கூப்பிடும் முன் ஒரு தாளில் போட வேண்டிய கணக்கு. 6 நாள் 24 மணி நேரம் ஓடினால் வாரத்துக்கு 144 மணி, மூன்று குழுவுக்குப் பிரித்தால் இடைவேளையைக் கழிக்காமல் ஆளுக்கு 48. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1919-ஆம் வருட முதல் உடன்படிக்கையிலேயே வரம்பு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 என்றுதான் இருக்கிறது. பல நாட்டுச் சட்டங்கள் அதைவிடக் கறாரானவை. ஆக 144-ஐ மூன்றால் வகுத்த இடத்திலேயே உங்களிடம் மிச்சம் எதுவும் இல்லை, ஒருவர் வராவிட்டால் அது நேராக ஓவர்டைம். 7 நாளும் ஓட்டினால் 168 மணி, நாலு குழு வைத்தால் சராசரி 42. எந்த மென்பொருளாலும் இந்த வகுத்தலை மாற்ற முடியாது. ரிலீவர் (வராதவருக்குப் பதிலாக நிற்கும் ஆள்) போதவில்லை என்கிற பிரச்சினையை ரோஸ்டர் பிரச்சினை என்று நினைத்து மென்பொருள் வாங்குபவர்களை நிறையப் பார்க்கிறேன்.

நைட்ஷிப்ட் நண்பர் சொன்ன 15 நிமிடம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கும் ஒரு கணக்கு. 12 ஸ்டேஷன், 12 பேர், ஒவ்வொருவரும் 10 நாளில் ஒரு நாள் வராமல் இருக்கக்கூடியவர் என்று வைத்துக்கொள்வோம். 12 பேரும் ஒரே ஷிப்டில் வந்து நிற்கும் வாய்ப்பு 0.9-ஐ 12 முறை பெருக்கினால் வருவது, கிட்டத்தட்ட 28 சதவீதம். மிச்ச 72 சதவீதம் ஷிப்ட்களில் போட்ட ரோஸ்டர் அப்படியே நடக்காது. அதனால் மறுபடி ஒதுக்குவதைத்தான் வழக்கமான வேலையாக வைத்து வடிவமைக்க வேண்டும்.

தரவு பக்கம் நிறையப் பேர் இடறும் இடம் இரவு ஷிப்ட். இரவு 10 மணிக்குத் தொடங்கி காலை 6 மணிக்கு முடிவது எந்த நாள் கணக்கு? வருகைப்பதிவு மெஷின் இரண்டு நாளாகப் பிரிக்கும், சம்பளப் பிரிவு தொடங்கிய நாளில் வைக்கும், உற்பத்தி அறிக்கை முடிந்த நாளில் வைக்கும். ஷிப்டுக்கென்று ஒரு தனி நாள் எண் கொடுத்து, உள்ளே உண்மையான தொடக்க நேரமும் முடிவு நேரமும் தேதியோடு வையுங்கள். இரண்டு ஷிப்டுக்கு நடுவே எத்தனை மணி ஓய்வு கிடைத்தது என்று கணக்கிடவும் இதுதான் உதவும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003-ஆம் வருட வேலை நேர ஆணை 24 மணி நேரத்துக்குள் தொடர்ச்சியாக 11 மணி ஓய்வு கேட்கிறது. உங்கள் இடத்துச் சட்டம் என்ன கேட்கிறதோ அதை விதியாக ஏற்றுங்கள். ஷிப்ட் மாற்றும்போது காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிச் சுற்றினால் உடம்பு ஓரளவு ஏற்றுக்கொள்ளும், பின்னோக்கிச் சுற்றினால் தூக்கம் அதிகம் கெடும். இதையும் விதியாகவே வைக்கலாம்.

ஆட்களின் பட்டியல் ஒரே இடத்தில் இருக்கட்டும், அது ஹெச்ஆர் அமைப்பு. பணியாளர் எண்தான் சாவி. பெயரை வைத்து இணைக்கப் போனால் ஒரே பெயரில் இருவர் இருக்கும் நாளில் தகுதி இடம் மாறிப் போகும்.

தானியங்கி ஒதுக்கீடு வேண்டுமென்றால் எக்செல்லோடு வரும் சால்வர் (சிறந்த விடையைத் தேடும் கருவி) போதாது, அதில் 200 மாறிகள்தான் வரம்பு, ஒரு ஆள் ஒரு ஸ்டேஷன் என்கிற ஒவ்வொரு ஜோடியும் ஒரு மாறி. 30 பேர், 12 ஸ்டேஷன் என்றாலே 360 ஆகிவிடும். கூகுளின் ஓஆர்-டூல்ஸ் என்ற மென்பொருள் தொகுப்பு இலவசம், அதில் உள்ள சிபி-சாட் என்ற சால்வர் இந்த அளவைச் சுலபமாகத் தீர்க்கும். ஆனால் ஒரு நிபந்தனை. மீறவே கூடாத விதிகள் வேறு, முடிந்தவரை பார்க்க வேண்டியவை வேறு என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள். தகுதி, ஓய்வு நேரம், காலாவதி எல்லாம் முதல் வகை. ஓவர்டைம் எல்லோருக்கும் சமமாகப் போவது, கேட்ட நாளில் வீக் ஆஃப், பயிற்சி ஜோடி இவை இரண்டாம் வகை. எல்லாவற்றையும் முதல் வகையில் போட்டால் கணினி "தீர்வு இல்லை" என்று சொல்லி நின்றுவிடும், விடியற்காலையில் சூப்பர்வைசருக்கு அந்தப் பதிலால் ஒரு பயனும் இல்லை. எந்த விதியைத் தளர்த்தினால் ஆள் கிடைப்பார் என்று அது காட்ட வேண்டும்.


அசெம்பிளி_ஆள் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. 144-ஐ மூன்றால் வகுத்துப் பார்த்ததை நாளைக்கே மேலே காட்டப் போகிறேன்.

இரண்டு சந்தேகம் மிச்சம். ஒன்று, தொழிலாளர்களிடம் பயம் இருக்கிறது. எண்ணைப் போட்டு வைத்துக்கொண்டு பிறகு ஆள் குறைக்கும்போது அதைக் காட்டுவார்களோ என்று நேராகவே கேட்டார்கள், என்னிடம் நல்ல பதில் இல்லை. இரண்டாவது, கான்ட்ராக்ட் ஆட்கள் சில மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறார்கள், அவர்களுக்கும் மேட்ரிக்ஸ் வைப்பதில் அர்த்தம் இருக்கிறதா?


கைத்தொழில்_ஆசான் எழுதியது:

ஆபரேட்டராக இருந்து பயிற்சி கொடுப்பவனாக மாறியவன் நான், இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன்.

பயம் நியாயமானது. அதை "விழிப்புணர்வுக் கூட்டம்" போட்டுத் தீர்க்க முடியாது. எண் எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்று நிர்வாகம் எழுதிக் கையெழுத்திட்டு, சங்கம் இருந்தால் சங்கத்தோடு உட்கார்ந்து, அமைப்பு ஓடத் தொடங்கும் முன்பே கொடுக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொருவருக்கும் தன் பதிவு முழுவதும் தெரிய வேண்டும், "இந்த மதிப்பு தவறு, மறுபடி பாருங்கள்" என்று கேட்க ஒரு பொத்தான் இருக்க வேண்டும், அதற்கு இத்தனை நாளுக்குள் பதில் என்று ஒரு கெடு வேண்டும். தொழிலாளி தன் எண்ணைப் பார்க்க முடியாத அமைப்பு என்னைப் பொறுத்தவரை வேவு பார்ப்பதுதான்.

உடல்நலம் பற்றிய தகவலில் ரொம்பக் கவனம். "10 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, இந்தத் தேதி வரை" என்பது மட்டும் ரோஸ்டர் போடுபவருக்குப் போதும். என்ன நோய் என்பது அந்த அமைப்புக்குள் வரவே கூடாது.

சம்பளத்தோடு இணைப்பதா என்று அடுத்து கேட்பார்கள். கூடுதல் வேலை கற்றவருக்குக் கூடுதல் பணம் கொடுப்பதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் முதல் நாளிலிருந்தே இணைத்தால் சூப்பர்வைசர் தன் ஆட்களுக்கு நல்லது செய்ய எண்ணைக் கூட்டிப் போடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. மதிப்பிடுபவர் வேறு ஷிப்டிலிருந்து வருவது, வேலைக் குறிப்பைக் கையில் வைத்து நேரில் பார்ப்பது, இவை பழக்கமான பிறகு இணையுங்கள்.

கான்ட்ராக்ட் ஆட்களுக்குத்தான் மேட்ரிக்ஸ் இன்னும் அவசியம். நாளைக்குப் போகப் போகிறவர் என்று நாம் பதிவு வைக்காத ஆள்தான் இன்று தெரியாத மெஷினில் நிற்கிறார், விரல் போவது அவருக்குத்தான். எல்லா ஸ்டேஷனும் வேண்டாம். பாதுகாப்புப் பயிற்சி, அதோடு அவர் நிற்கக்கூடிய இரண்டு மூன்று ஸ்டேஷன், அவ்வளவு போதும். பட்டியலில் இல்லாத ஸ்டேஷனில் அவரை நிறுத்த அமைப்பு விடக் கூடாது. திரும்பி வருபவர்களும் உண்டு, பழைய பதிவை அழிக்காதீர்கள். இடைவெளி நீளமாக இருந்தால் 1-க்கு இறக்கி மறுபடி பாருங்கள்.

இன்னொரு பழைய விஷயம், இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் டிடபிள்யூஐ (Training Within Industry) என்ற தொழிற்சாலைப் பயிற்சித் திட்டம் நடந்தது. புதிதாக வந்தவர்களுக்குச் சீக்கிரம் வேலை சொல்லிக்கொடுக்க வேண்டிய நெருக்கடியில் உருவானது. ஆளைத் தயார்ப்படுத்து, வேலையைச் செய்து காட்டு, அவரைச் செய்ய வைத்துப் பார், பிறகு தொடர்ந்து கவனி என்று நாலு படி. அதோடு ஒரு கால அட்டவணையும் உண்டு: ஒரு பக்கம் வேலைகள், இன்னொரு பக்கம் பெயர்கள், தெரியாத கட்டத்தில் "எந்தத் தேதிக்குள் கற்றுக்கொடுப்பேன்" என்று எழுத வேண்டும். இன்றைய மேட்ரிக்ஸ்களில் அந்தத் தேதியைத்தான் காணோம். யாருக்கு என்ன தெரியாது என்பதை நிறம் போட்டுக் காட்டுகிறார்கள், எப்போது தெரியப் போகிறது என்பது இல்லை. உங்கள் அமைப்பில் அந்தக் கட்டத்தைச் சேருங்கள். ஒரு ஷிப்டில் ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்த ஸ்டேஷன்கள் எவை என்று வடிகட்டி, தேதி போடுவதை அங்கிருந்து தொடங்குங்கள்.


நைட்ஷிப்ட்_சூப்பர்வைசர் எழுதியது:

ஆசான் சொன்னதற்கு வழிமொழிகிறேன். ஒரே ஒரு இடத்தில் மட்டும் தணிக்கைத்தோழரோடு எனக்குக் கருத்து வேறுபாடு. மேட்ரிக்ஸ் முதலில் என்பதை ஏற்கிறேன், ஆனால் தொழிற்சாலை முழுவதுக்கும் மேட்ரிக்ஸை முடித்துவிட்டுத்தான் திரை என்றால் மாதக்கணக்கில் மதிப்பீடு மட்டும் நடக்கும், லைனில் யாருக்கும் எதுவும் கிடைக்காது, ஆர்வம் போய்விடும். ஒரு லைன், மூன்று ஷிப்டும், அந்த லைனின் மேட்ரிக்ஸும் ஷிப்ட் தொடக்கத்தில் பார்க்கும் திரையும் சேர்ந்து. அப்புறம் அடுத்த லைன்.


தணிக்கைத்தோழர் எழுதியது:

ஒரு லைனில் தொடங்குவது சரி, ஒத்துக்கொள்கிறேன். வெல்டிங், லீக் டெஸ்ட் மாதிரி தகுதிச் சான்று அவசியமான ஸ்டேஷன்களின் காலாவதித் தேதிகளை மட்டும் முழுத் தொழிற்சாலைக்கும் இந்த வாரமே ஏற்றிவிடுங்கள். அதற்கு மென்பொருளே வேண்டாம், இருக்கும் எக்செல்லில் ஒரு தேதிப் பத்தியும் 30 நாள் முன்பு நிறம் மாறும் விதியும் போதும். பழைய எக்செல்லையும் புதிய அமைப்பையும் ரொம்ப நாள் சேர்த்து ஓட்டாதீர்கள். சேர்ந்து ஓடும் வரை எல்லோரும் பழையதைத்தான் நம்புவார்கள், புதியதில் தவறு இருந்தாலும் யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு தேதி குறித்து அந்த லைனில் பழையதைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள்.


அசெம்பிளி_ஆள் எழுதியது:

சரி, லீக் டெஸ்ட் இருக்கும் அசெம்பிளி லைனிலிருந்து தொடங்குகிறோம். தானியங்கி ரோஸ்டர் பேச்சை இப்போதைக்குத் தள்ளி வைக்கக் கேட்கிறேன். கடைசியாக ஒன்று: இரண்டு ஆபரேட்டர்கள் தங்களுக்குள் ஷிப்ட் மாற்றிக்கொள்ள விரும்பினால் யார் அனுமதி கொடுப்பது, அமைப்பா சூப்பர்வைசரா?


தரவுத்தச்சன் எழுதியது:

இருவருக்கும் அந்த ஸ்டேஷனில் 3 அல்லது அதற்கு மேல், சான்று செல்லுபடியாகிறது, மாற்றிய பிறகும் இருவருக்கும் ஓய்வு நேரம் குறையவில்லை, ஓவர்டைம் கூடவில்லை. இவ்வளவும் சரியென்றால் அமைப்பே ஒப்புதல் கொடுத்து இரண்டு சூப்பர்வைசர்களுக்கும் தகவல் அனுப்பட்டும், ஷிப்ட் தொடங்க 12 மணி நேரம் முன்பு வரை. இதில் ஒன்று இடித்தாலும், அல்லது கெடு தாண்டினாலும், சூப்பர்வைசரிடம் போகட்டும். முதல் வாரத்திலேயே இதைத் திறந்துவிடுங்கள், ஆபரேட்டர்களுக்கு இந்த அமைப்பால் நேரடியாகக் கிடைக்கும் முதல் வசதி இதுதான்.